விவிடி இன்ஜினில் மைலேஜைக் கெடுக்கும் தவறுகள்

"வண்டி பழசாகிவிட்டது, கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும்" என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் யோசனை. வால்வு திறக்கும், மூடும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் விவிடி இன்ஜினில் தயவுசெய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

பெரும்பாலான விவிடி இன்ஜின்களில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டின் கோணத்தை மாற்றுவதே ஆயிலின் அழுத்தம்தான். கேம் ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் செயின் ஓடும் பற்சக்கரத்துக்குள் சிறு அறைகள் இருக்கின்றன. மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு எந்தப் பக்கத்து அறைக்கு ஆயிலை அனுப்புகிறதோ, அதற்கேற்பக் கேம் ஷாஃப்ட் முன்னேயோ பின்னேயோ சில டிகிரி நகரும். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றினால் இந்த நகர்வு தாமதமாகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு விநாடி கேட்கும் கரகரப்புக்கும் கெட்டி ஆயில் மருந்தல்ல. குளிர்ந்த இன்ஜினில் அது மேலே ஏற இன்னும் நேரமாகும். பற்சக்கரத்தைப் பூட்டிப் பிடிக்கும் சிறு உலோக முளை (லாக் பின்) தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

"ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே" என்று ஆயில் மாற்றுவதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் தவறு. கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் காரில் ஆயில் சரியாகச் சூடேறாது. ஈரமும் பெட்ரோலும் அதில் கலந்து, நாளடைவில் கசடாகும். கையேட்டில் மாதக் கணக்கும் இருக்கும், அதையும் பாருங்கள்.

அடுத்தது, அவசரப்பட்டுப் பாகம் மாற்றுவது. இன்ஜின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி0011 என்று வந்தால், கேம் ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி முன்னே நிற்கிறது என்று பொருள். பழுதான பாகம் எது என்று அந்த எண் சொல்வதில்லை. முதலில் ஆயிலின் அளவையும் தரத்தையும் பாருங்கள். பிறகு சோலனாய்டைக் கழற்றுங்கள். பல மாடல்களில் அதன் மேலேயே நுண்ணிய வலை ஒன்று இருக்கும். அதில் கறுப்புக் கசடு அப்பியிருந்தால் அங்கேயே விடை கிடைத்துவிடும். செயின் நீண்டிருந்தாலும் இதுபோன்ற எண்கள் வரக்கூடும். அந்த நிலையில் ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீட்டை மட்டும் அழித்துவிட்டு வண்டியை ஓட்டுவது ஆபத்து.

ஓட்டும் முறையிலும் ஒரு தவறான எண்ணம் உண்டு. விவிடி இருக்கிறதே என்று ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தால் பெட்ரோல் மிஞ்சாது. நிதானமாகப் போகும்போது திராட்டில் (காற்று நுழையும் வழியைத் திறந்து மூடும் தகடு) பெரும்பாலும் மூடியிருப்பதால், காற்றை இழுக்கவே பிஸ்டன் பாடுபடுகிறது. உறிஞ்சு வால்வு தாமதமாக மூடினால் அந்த வீண் உழைப்பு குறையும். 1997இல் வந்த டொயோட்டா பிரியஸின் இன்ஜின் சிக்கனமாக ஓடியதற்கு இந்தத் தாமத மூடலும் முக்கியக் காரணம். முழுத் திராட்டிலில் விவிடி தருவது இழுவிசையை. சிக்கனம் மிதமான ஓட்டத்தில்தான் கிடைக்கும்.