ஆணுறை கிழிந்துவிட்டால்: முதல் 72 மணி நேரமும் அதற்குப் பிறகும்

கிழிந்தது தெரிந்ததும் அப்படியே நிறுத்துங்கள். விறைப்பு தளர்வதற்குள், அடி வளையத்தைக் குறியோடு சேர்த்துப் பிடித்தபடி வெளியே எடுங்கள். உறை கழன்று யோனிக்குள் தங்கிவிட்டாலும் பதற வேண்டாம், அதைத் தாண்டி அது எங்கும் போகாது. குந்தி உட்கார்ந்து, கழுவிய இரு விரல்களால் வளையத்தைப் பற்றி இழுத்தால் வந்துவிடும்.

பிறகு சிறுநீர் கழித்து, வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவுங்கள். அதோடு சரி. பதற்றத்தில் பலர் உள்ளே சோப்பும் கிருமிநாசினியும் விட்டுத் தேய்க்கிறார்கள். மென்தோல் புண்ணானால் கிருமி நுழைவது இன்னும் சுலபம்.

துணைக்கு எச்.ஐ.வி. இருந்தாலோ, இருக்கிறதா என்று தெரியாவிட்டாலோ மருத்துவரிடம், எச்.ஐ.வி. தொற்றிவிடாமல் தடுக்கும் ‘பெப்’ மருந்து கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 72 என்பது கடைசிக் கெடு. இன்றிரவே கிடைக்குமானால் நாளைக்குத் தள்ளாதீர்கள். துணை ஒழுங்காக மருந்தெடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத நிலையில் நீடித்தால் உடலுறவு வழியே பரவாது, பெப் வேண்டியதில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கர்ப்ப பயம் இருந்தால் லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. என்ற அவசரக் கருத்தடை மாத்திரை, 72 மணி நேரத்துக்குள். சாப்பிட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று வேண்டியிருக்கும். காப்பர் டி என்றால் 5 நாள் வரை பொருத்தலாம். இவை இரண்டும் நோய்த்தொற்றைத் தடுக்காது.

மறுநாளே ரத்தம் கொடுத்து, ‘நெகட்டிவ்’ என்று நிம்மதி அடைவது வீண். அது பழைய நிலையைத்தான் காட்டும். கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுகளுக்கு 2 வாரம் கழித்து, எச்.ஐ.வி.க்கு ஆய்வகத்தின் நான்காம் தலைமுறைச் சோதனை (வைரஸின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்ப்பது) என்றால் 45 நாள், விரல் நுனியில் குத்திப் பார்க்கும் வகை என்றால் 90 நாள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கும் 90 நாள் கழித்து ஒருமுறை பாருங்கள். பெப் எடுத்தவர்கள் எச்.ஐ.வி. கணக்கை மருந்து முடிந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். முடிவு வரும்வரை ஆணுறை கட்டாயம். இடையில் புண், சீழ், எரிச்சல் வந்தால் நாள் எண்ணாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஏன் கிழிந்தது என்றும் யோசியுங்கள். எண்ணெயோ வாஸ்லினோ காரணமாக இருக்கலாம்; ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பரை அவை சில நிமிடங்களிலேயே நைந்துபோகச் செய்யும். தண்ணீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான ஜெல்தான் சரி. நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றாமல் மாட்டினாலும் வெடிக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடுவதும் வேண்டாம். சுருள் கீழே உருளாமல் அடம்பிடித்தால் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதைத் திருப்பிப் போடாதீர்கள்: வெளிப்புறம் ஆகப்போகும் பக்கத்தில் ஏற்கெனவே குறியின் கசிவு பட்டிருக்கலாம். எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிரியுங்கள்.