பழைய எஸ் கிளாஸ் வாங்குமுன் ஏர் சஸ்பென்ஷனைச் சோதியுங்கள்

மெர்சிடிஸ் எஸ் கிளாஸின் டபிள்யூ221 தலைமுறை இன்று புது ஹேட்ச்பேக் விலைக்கே கிடைக்கிறது. உதிரிபாக விலைதான் இறங்கவில்லை. இதன் ஏர் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் காரைத் தாங்குகின்றன.

முந்தைய இரவே காரைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே, ஒவ்வொரு சக்கர மையத்திலிருந்தும் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளவெடுங்கள். ஒரு மூலை மட்டும் படுத்திருந்தால், பெரும்பாலும் அங்கே காற்றுப்பையின் ரப்பர் விரிசல் விட்டிருக்கும். இல்லையென்றால் குழாய் இணைப்பில் கசிவு. சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஜாக்கி ஸ்டாண்ட் போடாமல் காருக்கு அடியில் கையை நுழைக்காதீர்கள்.

கசிவை விட்டுவைத்தால் பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, சூடேறி எரிந்துபோகும். கம்ப்ரசரை மட்டும் மாற்றிவிட்டு விற்பவர்கள் உண்டு. புதியதும் அதே வழியில்தான் போகும். மாற்றும்போது அதை இயக்கும் மின் சுவிட்சான ரிலேயையும் மாற்றுங்கள். ஒட்டிக்கொண்ட ரிலே கம்ப்ரசரை நிற்கவே விடாது.

எஸ்600-இல் இருப்பது ஏபிசி ஹைட்ராலிக், அதாவது காற்றுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் சஸ்பென்ஷன். அது வேறு கதை, செலவும் அதிகம்.