கவிழ்ந்த படகை நினைத்துக் கட்டுங்கள்: லேசர் படகில் தனியாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேசர் பாய்ப்படகு ஒரே ஆள் ஓட்டுவதற்கென்றே உருவானது. கனடாக்காரரான புரூஸ் கர்பி அதைக் கார் கூரைமேல் ஏற்றிக்கொண்டு போகும்படி வடிவமைத்தார். 1971-இல் விற்பனைக்கு வந்தது. 4.23 மீட்டர் நீளம், வெறும் உடல் 59 கிலோ, ஒற்றைப் பாய். அதன் இன்றைய பெயர் இல்கா (ILCA, படகின் பன்னாட்டுச் சங்கப் பெயரின் சுருக்கம்). பழகிய நாக்குக்கு இன்னும் லேசர்தான். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது இந்தப் படகில்தான். ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

இதன் பாய்மரத்தைத் தாங்கிப் பிடிக்கக் கம்பிகள் கிடையாது. இரண்டு குழாய்களை ஒன்றோடு ஒன்று செருகி, பாயின் ஓரத்தில் உள்ள உறைக்குள் நுழைத்து, படகின் முன்பக்கத்துக் குழியில் நட்டால் போதும். கை பழகியவருக்குக் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் கவனம் நழுவுகிறது. கூட ஒருவர் இருந்தால் நாம் மறந்ததை அவர் பார்ப்பார். தண்ணீரில் ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர் சரிசெய்வார். தனியாகப் போகிறவருக்கு இருப்பதே இரண்டு கை. ஒன்றில் சுக்கான், இன்னொன்றில் பாய்க்கயிறு. மூன்றாவது வேலைக்குக் கை இல்லை.

அதனால் ஒவ்வொரு முடிச்சையும் போடும்போது நான் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இப்போது படகு தலைகீழாகக் கவிழ்ந்தால் இது தன் இடத்தில் இருக்குமா? லேசர் கவிழாமல் யாரும் பழக முடியாது. நிமிர்த்துவது எளிது. ஆனால் நிமிர்த்தத் தேவையான பொருள்கள் படகோடு இருக்க வேண்டும்.

முதலில் நடுவில் இறக்கும் டேகர்போர்ட் பலகை. கவிழ்ந்த படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பலகைமேல் நம் எடையைப் போட்டுத்தான் படகைத் திருப்புகிறோம். அதை முன்பக்கம் இழுத்துப் பிடிக்க ஒரு எலாஸ்டிக் கயிறு உண்டு. பலர் அதைத் தளர்வாக மாட்டுவார்கள், அல்லது தேய்ந்துபோனதை மாற்றாமல் விட்டுவிடுவார்கள். படகு முழுக்கத் தலைகீழானதும் பலகை தன் எடையாலேயே கீழே நழுவும். எனக்கு அப்படி ஒருமுறை நடந்தது. அடிப்பக்கம் வழவழவென்று இருக்கிறது, பிடித்து ஏற எதுவும் இல்லை. மறுபடி படகுக்கு அடியில் போய்ப் பலகையை உள்ளிருந்து தள்ள வேண்டியிருந்தது. அலை கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது. ஒரு கை நீள எலாஸ்டிக்கின் விலைக்கு அந்தப் பயம் தேவையே இல்லை.

அடுத்தது பாய்மரம். கம்பி இல்லாத மரம், குழியில் சும்மா நிற்கிறது. தலைகீழானால் வெளியே வந்துவிடும். பாதி வெளியே வந்த நிலையில் நெம்புகோல் மாதிரி திருகினால் குழியைச் சுற்றியுள்ள மேல்தளமே கிழிந்துபோகும். பாய்மரத்தையும் தளத்தையும் ஒரு சிறு கயிற்றால் இணைத்துவிடுங்கள். மரம் சுழல இடம் விட்டு, மேலே எழும்ப இடம் விடாமல். இன்னொன்று, நடுவதற்கு முன் குழிக்குள் மணல் இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரையில் வேலை செய்கிறவர்கள் இதை அலட்சியமாக விடுகிறார்கள். மரம் சுழலும் ஒவ்வொரு முறையும் அந்த மணல் குழியின் அடியை அரைக்கிறது. சந்தேகம் இருந்தால் குழியில் தண்ணீர் ஊற்றி அளவு இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கினால் அந்தப் படகில் போகாதீர்கள்.

சுக்கானில் பிழை சின்னதாகத்தான் தெரியும். சுக்கான் கழன்று மேலே வராமல் தடுக்கும் கிளிப் 'டக்' என்று விழுந்ததா என்று சுக்கானைக் கையால் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். சுக்கானைத் திருப்பும் டில்லர் கம்பு, படகின் பின்பக்கத்தில் குறுக்கே கட்டிய டிராவலர் கயிற்றுக்குக் கீழே போக வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் மேலே வைத்துவிடுவார்கள். கரையை விட்டதும் சுக்கானை முழுக்க இறக்கிக் கட்டாவிட்டால் டில்லர் கல்லாகக் கனக்கும், பாயில் ஏதோ கோளாறு என்று தேடிக்கொண்டிருப்போம்.

அப்புறம் பாய்க்கயிறு. அதன் நுனியில் '8' வடிவ முடிச்சு ஒன்று போடாமல் கிளம்புவது மிகச் சாதாரணமான தவறு. கை நழுவினால் கயிறு கப்பிகள் வழியாக முழுதும் உருவிக்கொண்டு ஓடும். பாய் முன்னால் பறக்கும், எட்டிப் பிடிக்க ஆள் இல்லை. நான் நுனியை, பாதத்தை மாட்டிக்கொள்ளும் கால்பட்டையின் அடியில் கட்டிவிடுகிறேன். அது தண்ணீரில் இழுபடாது. தவறி விழுந்தாலும் கையில் கயிறு இருக்கும்வரை படகு என்னை விட்டுப் போகாது. ஒரு பக்கம் மட்டுமே சுழலும் ராட்செட் கப்பியில் கயிறு எந்தப் பக்கம் நுழைகிறது என்பதையும் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது 'கிளிக் கிளிக்' என்று கேட்க வேண்டும். விடும்போது கேட்டால் தலைமாற்றி நுழைத்திருக்கிறீர்கள், பாயின் பாரம் முழுவதும் உங்கள் விரலுக்கு வரும்.

டிராவலரைத் தளரவிடாதீர்கள். தளர்ந்தால் கப்பி டில்லரில் சிக்கும். இறுக்கமாக இருந்தாலும், காற்றைப் பின்னால் வைத்துப் பாயை மறுபக்கம் மாற்றும்போது தொய்ந்த கயிறு படகின் பின்மூலையில் மாட்டிக்கொள்வதுண்டு. பாயின் அடியோரத்தில் உள்ள கம்பான பூம் நடுவைக் கடக்கும் நேரத்தில் கயிற்றை ஒரு வெட்டு இழுத்துவிட்டால் தப்பிக்கலாம்.

கால்பட்டையின் பின்முடிச்சைக் கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் உலுக்கிப் பாருங்கள். உடம்பை வெளியே சாய்த்துத் தொங்கும்போது நம் மொத்த எடையையும் தாங்குவது அதுதான். அவிழ்ந்தால் முதுகடியாகத் தண்ணீரில்.

கரையில் வாங் கயிற்றை இறுக்கி வைப்பது இன்னொரு தவறு. பூமைக் கீழே பிடித்திருக்கும் அது இறுகியிருந்தால், பாய்க்கயிற்றை விட்டாலும் பாய் காற்றைப் பிடிக்கும், தள்ளுவண்டியிலேயே படகு சாயும். முன்முனையைக் காற்றை நோக்கித் திருப்பி, வாங்கைத் தளர்த்தி வையுங்கள். பாயோடு மரத்தைத் தூக்கும் முன் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று நின்று பாருங்கள். அலுமினியக் குழாய் அது. இதில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

பாயின் அளவில் நடக்கும் தவறு காலையில் தொடங்குகிறது. ஒரே உடலுக்கு மூன்று பாய்கள் உண்டு: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். சென்னையில் காலையில் சோம்பிக் கிடக்கும் கடலைப் பார்த்துப் பெரிய பாயைக் கட்டுகிறவர், மதியத்துக்குமேல் கடல்காற்று எழும்பியதும் தவிப்பார். கட்டும் நேரத்துக் காற்றுக்கு அல்ல, திரும்பி வரும் நேரத்துக் காற்றுக்குக் கட்டுங்கள்.

பின்பக்க அடைப்பான் விஷயம் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மறக்கிறார்கள். மூடாமல் போனால் படகின் வயிற்றுக்குள் மெல்ல மெல்லத் தண்ணீர் ஏறும், தெரியும்போது நடுவில் இருப்போம். நான் அதை உயிர்காப்புச் சட்டையோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். சட்டை போடாமல் கிளம்ப மாட்டேன் என்பதால் அதையும் மறப்பதில்லை.

இவ்வளவும் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. காற்று லேசாக உள்ள நாளில், கரைக்குக் கிட்டத்திலேயே, ஆனால் பாய்மரம் சேற்றில் குத்தாத ஆழத்தில், இன்னொரு படகைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே கவிழ்த்துங்கள். முழுக்கத் தலைகீழாகும்வரை விடுங்கள். என்னென்ன கழன்று மிதந்து போகின்றன என்று பாருங்கள்.