மெசபடோமியா வரைபடத்தை நீங்களே வரைவது எப்படி?

உலகின் முதல் நகரங்கள் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக் பகுதியில் தோன்றின என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்போம். ஆனால் ஏன் அங்கே, அதுவும் மழை சரியாகப் பெய்யாத தெற்குப் பக்கத்தில் போய்த் தோன்றின என்பது அச்சிட்ட படத்தைப் பார்த்தால் பிடிபடாது, கையால் வரைந்தால்தான் புரியும். ஒரு ஏ4 தாள், ஸ்கேல், பென்சில், நீலம், பழுப்புக் கலர் பென்சில்கள் போதும்.

படி 1: புள்ளிகள்

தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். 1 செ.மீ. என்பது 50 கி.மீ. இடது ஓரத்திலிருந்து 6 செ.மீ., மேலிருந்து 1 செ.மீ. அளந்து துருக்கியின் கெபானைக் குறியுங்கள். இதே கணக்கில் மோசுல் 14, 6.5. பாக்தாத் 16.5, 13. அல்-குர்னா 22, 18.

படி 2: இரண்டு ஆறுகள்

காராசு, முராத் என்ற இரண்டு ஆறுகள் கெபான் பக்கம் சேர்ந்துதான் யூப்ரடீஸ் ஆகிறது. அதை அங்கிருந்து தெற்கே சிரியாவுக்குள் இறக்கி, அப்புறம் தென்கிழக்கே திருப்பி, பாக்தாத்துக்கு மேற்கே ஒரு செ.மீ.க்கும் குறைவாக இடம் விட்டுக் கொண்டுபோங்கள். டைக்ரிஸும் கெபானுக்குப் பக்கத்திலேயே, ஹசார் ஏரியை ஒட்டித்தான் பிறக்கிறது. அது மோசுல் வழியாக பாக்தாத்துக்குள்ளேயே போகும். இரண்டும் குர்னாவில் கூடி, ஷட்-அல்-அரபு என்ற பெயரில் சுமார் 200 கி.மீ. ஓடிப் பாரசீக வளைகுடாவில் விழுகின்றன. யூப்ரடீஸ் ஏறக்குறைய 2,800 கி.மீ., டைக்ரிஸ் 1,900 கி.மீ.

படி 3: மலையும் பாலையும்

வடக்கே டாரஸ், கிழக்கே சாக்ரோஸ் மலைகளுக்குப் பழுப்பு. மேற்கே சிரியப் பாலைவனத்துக்குப் புள்ளிகள். சாக்ரோஸிலிருந்து பெரிய சாப், சிறிய சாப், தியாலா மூன்றையும் டைக்ரிஸில் சேர்த்துவிடுங்கள், டைக்ரிஸ் வெள்ளம் முரட்டுத்தனமாக வருவது இவற்றால்தான்.

படி 4: முக்கியமான கோடு

இங்கே நிதானமாக இருங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது. பாக்தாத்துக்கு மேலே, யூப்ரடீஸ் கரையில் இருக்கும் ஹிட்டையும் டைக்ரிஸ் கரையில் இருக்கும் சமாராவையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அதற்குக் கீழே முழுக்க வண்டல் சமவெளி. வானம் பார்த்த விவசாயத்துக்கு ஆண்டுக்கு 200 மி.மீ. மழையாவது வேண்டும், தெற்கில் அதுகூடக் கிடையாது. பாக்தாத்தின் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 34 மீட்டர்தான், கடலோ இன்னும் 500 கி.மீ. தள்ளி இருக்கிறது. இவ்வளவு குறைந்த சரிவில் தண்ணீர் மெதுவாகப் போவதால் வண்டல் படுகையிலேயே தங்கி, படுகை உயர்ந்துகொண்டே வந்து, கடைசியில் ஆறு வயலைவிட மேட்டில் ஓடுகிறது. கரையில் ஒரு மடை வெட்டினால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும், ஆனால் கரை உடைந்தால் ஊரே போய்விடும், ஆறே வேறு வழியில் திரும்பிவிடும்.

இதில் காலமும் ஒத்துழைக்காது. நைல் வெள்ளம் விதைப்புக்கு முன்னால் வந்து வடிந்துவிடும். இங்கே பனி உருகி ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளம் வரும்போது வாற்கோதுமை அறுவடைக்கு நிற்கும், விதைக்கிற காலத்தில் ஆறு வற்றிக் கிடக்கும். அதனால் கரை கட்டவும் வாய்க்கால் வெட்டவும் ஆண்டுதோறும் தூர் வாரவும் ஆள் சேர்க்க வேண்டியிருந்தது, இதெல்லாம் ஒரு குடும்பத்தால் ஆகிற வேலையா? நகரங்கள் தோன்றியதற்குக் காரணம் வளமான மண் என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பாதி விளக்கமாகத்தான் படுகிறது.

படி 5: பழைய நகரங்கள்

நிப்பூர் 18, 15.7. உருக் 18.8, 17.5. உர் 19.6, 18.3. குறித்துவிட்டுப் பாருங்கள், நிப்பூரும் உருக்கும் இன்றைய ஆற்றின் கரையிலேயே இல்லை, வறண்ட நிலத்தில் நிற்கின்றன. யூப்ரடீஸின் பழைய கிளை இந்த இரண்டையும் தொட்டுக்கொண்டு ஓடியது, அதைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் வளைகுடாவின் நீரும் உர் பக்கம் வரை ஏறியிருந்தது.

படி 6: அம்புக்குறிகள்

சமவெளியில் களிமண்ணும் நாணலும் ஏராளம். கல், நல்ல மரம், உலோகம் மூன்றும் இல்லை. கட்டடத்துக்கும் படகுக்கும் வேண்டிய கீல் (தார் போன்ற பொருள்) ஹிட்டில் ஊறியது, மற்றவை வெளியிலிருந்து வந்தாக வேண்டும். வளைகுடாவிலிருந்து ஓர் அம்பு தில்முன் என்ற பஹ்ரைனுக்கும், அடுத்தது மகன் என்ற ஓமனுக்கும், மூன்றாவது சிந்து சமவெளிக்கும். உர் அரச கல்லறைகளில் சிந்துவெளிச் சூதுபவள (கார்னீலியன் என்ற சிவப்புக் கல்) மணிகள் கிடைத்திருக்கின்றன. இந்த மூன்று அம்புகளும் தாளுக்குள் அடங்காது, கீழேயும் வலப்பக்கமும் இன்னும் சில தாள்களை ஒட்டிக்கொள்ளுங்கள்.