டி.நகரை போர்டு படிச்சே சுத்திப் பாக்குறது எப்படி

டி.நகர்னா எல்லாருக்கும் புடவை, நகை, கூட்டம். ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கி தெரு போர்டுகளை மட்டும் படிச்சுக்கிட்டே நடந்து பாருங்க, பாதி ஊரு நீதிக்கட்சி (அந்தக் கால சென்னை மாகாணத்துல பிராமணரல்லாதாருக்காக ஆரம்பிச்ச கட்சி) ஆளுங்க பேர்லதான் ஓடுதுன்னு தெரியும். காரணம் சிம்பிள், 1920கள்ல மாம்பலம் ஏரியை தூத்து இந்த நகரை போட்டப்ப ஆட்சியில இருந்தது அவங்கதான்.

மொத நாள் ராத்திரி ஒரு அரைமணி நேரம் அந்தக் கட்சி பத்தி படிச்சிட்டுப் போங்க, இல்லன்னா போர்டு வெறும் போர்டாத்தான் தெரியும். 1916ல ஆரம்பிச்ச மூணு பேரு: பிட்டி தியாகராயர், டி.எம். நாயர், நடேசனார். மூணு பேருமே இங்க இருக்காங்க, தியாகராயர் ஊர் பேராவே (டி.நகர்னா தியாகராய நகர், அது பாடகர் தியாகராஜ பாகவதர் பேருன்னு நெனச்சவங்கள எனக்கே தெரியும்), டாக்டர் நாயர் ஒரு ரோடா, நடேசன் வெங்கடநாராயணா ரோட்டுல பார்க்கா.

ரங்கநாதன் தெரு வழியா உஸ்மான் ரோட்டுக்கு வந்துடுங்க, கடை தொறக்காத நேரத்துல அந்தத் தெரு எவ்ளோ குறுகல்னு அப்பதான் புரியும். உஸ்மான் யாருன்னா, 1934ல சென்னை மாகாணத்துக்கு கொஞ்ச மாசம் பொறுப்பு கவர்னரா இருந்தவரு. அப்படியே வடக்க நடந்தா பனகல் பார்க். இங்க கொஞ்சம் நில்லுங்க. பனகல் ராஜா 1921ல இருந்து 26 வரைக்கும் முதலமைச்சர், அரசு வேலைல எல்லா சமூகத்துக்கும் பங்கு கேட்ட வகுப்புவாரி அரசாணை, கோயில் நிர்வாகத்தை அரசு கண்காணிக்கிற சட்டம் எல்லாம் இவரு காலத்துலதான் வந்துச்சு. அவருக்கு முன்னாடி 1920லயே அந்தப் பதவி தியாகராயரைத் தேடி வந்துச்சு, அவரு வேணாம்னுட்டாரு.

அடுத்து பாண்டி பஜார். பாண்டிச்சேரிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் பேரு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்கு தலைமை தாங்கினவரு, பேருக்குப் பின்னாடி சாதியைப் போடாதீங்கன்னு தீர்மானம் போட்ட மாநாடு அது. பல வருஷம் கழிச்சு எம்ஜிஆர் ஆட்சியில தெருப் பேர்கள்ல இருந்தே சாதிப் பின்னொட்டை எடுத்தாங்க. அதனால ஒரு விஷயம் கவனிங்க, போர்டுல ஒண்ணு இருக்கும், மேப்ல ஒண்ணு இருக்கும், ஆட்டோக்காரர்கிட்ட இன்னமும் ஜி.என். செட்டி ரோடுன்னு சொன்னாதான் வண்டி நகரும்.

இன்னொண்ணு, பேரு வச்ச இடம் வேற, வாழ்ந்த இடம் வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. தியாகராயர் வடசென்னைக்காரரு, நாயர் 1919ல லண்டன்லயே போயிட்டாரு, அப்ப இந்த நகரே கிடையாது. நெஜமா வாழ்ந்த வீடு பாக்கணும்னா டாக்டர் நாயர் ரோடு வழியா வாணி மகால் பக்கம் வந்து திருமலைப்பிள்ளை ரோட்டுக்குள்ள போங்க, அங்கதான் காமராஜர் வீடு, இப்போ நினைவு இல்லம். ஒன்பது வருஷம் முதலமைச்சரா இருந்தவரு குடியிருந்தது வாடகை வீட்டுல, 1975 அக்டோபர் 2 அன்னிக்கு உயிர் பிரிஞ்சதும் இங்கதான். எம்ஜிஆர் நினைவு இல்லம் ஆற்காடு தெருவுல, அவரோட அம்பாசிடர் காரும் பாடம் பண்ணி வச்ச சிங்கமும் இருக்கும், குழந்தைங்க கூட வந்தா அதை விடாதீங்க. ரெண்டுமே காலங்காத்தால தொறக்க மாட்டாங்க, அதனால நடைய முடிச்சிட்டு நிதானமா டிபன் சாப்டுட்டுப் போங்க, லீவு நாள் எதுன்னு முன்னாடியே பாத்துக்கோங்க.

நேரம் மிச்சம் இருந்தா தெற்கு போக் ரோடு. போக்ங்கறது வெள்ளைக்கார அதிகாரி பேரு, இப்போ போர்டுல செவாலியே சிவாஜி கணேசன் சாலை, அவரோட அன்னை இல்லம் அங்கதான் இருக்கு. வெளிய நின்னு பாத்துட்டு வாங்க, அது வீடு, மியூசியம் இல்ல.