பிட்டோ குழாயைச் சரிபார்ப்பது: முதலில் பூஜ்யம், பிறகு ரேஷியோ

இறக்கை வைத்த சிறு ட்ரோன் வீசும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. ஜிபிஎஸ் தரும் தரைவேகத்தையும் பிட்டோ குழாய் (முன்துளையில் மோதும் காற்றின் அழுத்தத்துக்கும் பக்கத் துளை அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வேகம் அளக்கும் குழாய்) தரும் காற்றுவேகத்தையும், அதாவது சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்ட வேகத்தையும், ஒப்பிட்டுத்தான் கணக்கிடுகிறது. பிட்டோ விநாடிக்கு 1 மீட்டர் தவறினால், அந்த 1 மீட்டர் அப்படியே காற்றின் கணக்கில் ஏறிவிடும். கீழே உள்ள முறை எம்எஸ்4525 அழுத்த சென்சாரும் ஆர்டுபைலட் என்ற ஆட்டோபைலட் மென்பொருளும் உள்ள விமானத்துக்கானது.

குழாய் முனை ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்றில் படக்கூடாது. மூக்கில் மோட்டார் இருந்தால் பிட்டோவை இறக்கையில், வெளிப்பக்கமாகப் பொருத்துங்கள். பக்கத் துளைகள் உடலை ஒட்டி இருக்காமல் நன்றாக முன்னே தள்ளி நிற்கட்டும்.

அடுத்து கசிவு. நீர் நிரப்பிய U வடிவக் குழாயையும் ஒரு சிரிஞ்சையும் டி இணைப்பால் முன்துளையோடு சேருங்கள். சிரிஞ்சை மிக மெல்ல அழுத்தி, இரு பக்க நீர்மட்டத்துக்கும் 14 மி.மீ. வித்தியாசம் வரும்படி நிறுத்துங்கள். அது சுமார் 137 பாஸ்கல். ரேஷியோ (அழுத்தத்தை வேகமாக மாற்றும்போது அதோடு பெருக்கும் எண்) 2.0 ஆக இருந்தால் திரையில் விநாடிக்கு 16.5 மீட்டர் அளவில் காட்ட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் எண் இறங்கினால் சிலிக்கான் குழாய் இணைப்பில் கசிவு இருக்கிறது. அதை அடைக்காமல் மேலே போவதில் பயனில்லை.

பூஜ்யத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், வெறும் 10 பாஸ்கல் பிழை நிற்கும் விமானத்தில் விநாடிக்கு 4 மீட்டருக்கு மேல் தெரியும். 15 மீட்டர் வேகத்தில் அரை மீட்டராகச் சுருங்கி ஒளிந்துகொள்ளும். மின்சாரம் கொடுத்துச் சில நிமிடம் சென்சார் சூடேறட்டும். முன்துளை, பக்கத் துளை இரண்டையும் தளர்வான துணி உறையால் மூடி, பூஜ்யம் எடுங்கள். விரலால் இறுக்கிப் பொத்தினால் உள்ளே அடைபட்ட அழுத்தமே பூஜ்யமாகப் பதிவாகும். தரையில் 0 முதல் 3 வரை எண் ஆடுவது இயல்பு.

ரேஷியோவைப் பறந்துதான் சரிசெய்ய வேண்டும். ஆட்டோபைலட் பிட்டோவை நம்பிப் பறக்காதபடி அதன் பயன்பாட்டை 0 ஆக்குங்கள். த்ராட்டிலைத் தொடாமல், உயரம் மாறாமல் ஐந்தாறு வட்டம் அடியுங்கள். ஜிபிஎஸ் வேகம் அதிகபட்சம் 19, குறைந்தபட்சம் 11 என்றால் உண்மையான காற்றுவேகம் 15; வீசும் காற்று 4.

வெயிலை மறந்துவிடாதீர்கள். கடல்மட்டத்தில் 35 டிகிரியில் காற்று லேசாக இருப்பதால் சரியான பிட்டோவே சுமார் 3 சதவீதம் குறைத்துக் காட்டும். ஆகவே ஒப்பிட வேண்டியது 14.5 உடன். சென்சார் 14.0 காட்டினால், 14.5ஐ 14.0ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, பழைய ரேஷியோவைப் பெருக்குங்கள்: 2.0 என்பது 2.15 ஆகும்.

புதிய எண்ணோடு மறுபடி வட்டமடித்து, காற்றின் திசையைப் பாருங்கள். அது ஒரே பக்கம் நிற்க வேண்டும். விமானம் திரும்பத் திரும்ப அதுவும் கூடவே சுற்றி, எப்போதும் வால்பக்கக் காற்றாகவே காட்டினால் ரேஷியோ இன்னும் குறைவு. எப்போதும் எதிர்க்காற்றாகவே காட்டினால் அதிகம்.