வாங்கும் முன் வாக்குறுதியைச் சோதிப்பது எப்படி?

ஒரு பொருளை வாங்கலாமா என்று முடிவெடுக்கும் முன், அந்தப் பொருளையும் அதனோடு சேர்த்து விற்கப்படும் வாக்குறுதியையும் தனித்தனியே எழுதிப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். இடப்பக்கத்தில் பொருளின் பெயரையும் விலையையும் எழுதுங்கள். வலப்பக்கத்தில், அது வந்த பிறகு உங்கள் வாழ்க்கை எப்படி மாறும் என்று நீங்கள் நம்புகிறீர்களோ, அதை முழு வாக்கியமாக எழுதுங்கள். "நல்ல கைப்பேசி" என்று எழுதினால் பயனில்லை. "இது கையில் இருந்தால் அலுவலகத்தில் என்னை மதிப்பார்கள்" என்று எழுத வேண்டும். எழுதும்போது கூச்சமாக இருக்கும்; ஆனால் நாம் பணம் கொடுப்பது பெரும்பாலும் அந்த வாக்கியத்துக்காகத்தான்.

பெங்களூரில் இந்தப் பயிற்சியைத் தொடங்க அடுக்குமாடி வீட்டு விளம்பரமே ஏற்றது. சர்ஜாபூர் சாலைப் பக்கம் கட்டப்படும் குடியிருப்புகளின் விளம்பரப் படங்களில், மாலை வெயிலில் புல்தரையில் மகளோடு விளையாடும் அப்பா தவறாமல் இருப்பார். அந்த வீட்டுக்கு 60 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 52,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டுமே ஏறத்தாழ 65 லட்சம். அந்தத் தவணைக்காகக் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து, இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் அப்பாவால் மாலை வெயிலைப் பார்க்க முடியாது. வீடு வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாடகைக்கு விடமாட்டேன் என்று சொன்னவர்களையும், திடீரென்று காலி செய்யச் சொன்னவர்களையும் கண்ட குடும்பத்துக்குச் சொந்த வீட்டின் அருமை தெரியும். ஆனால் "இனி யாரும் எங்களைக் காலி செய்யச் சொல்ல முடியாது" என்ற வாக்குறுதியை வீடு நிறைவேற்றும். "மகளோடு மாலைகள் கிடைக்கும்" என்பதை அதே கடன் முறித்துவிடக்கூடும். இரண்டையும் வேறு வேறு வரிகளில் எழுதினால்தான் இது புலப்படும்.

எழுதியபின் ஒவ்வொரு வரியையும் இரண்டு கேள்விகளால் சோதியுங்கள். இதை வேறு எப்படிப் பெறலாம் என்பது முதல் கேள்வி. இதே பொருளை ஓராண்டுக்கு முன் வாங்கியவர் இப்போது என்ன சொல்கிறார் என்பது இரண்டாவது. நேற்று வாங்கியவரைக் கேட்காதீர்கள், அவர் இன்னும் மகிழ்ச்சியில் இருப்பார். 1978-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரைச் சாதாரண மக்களோடு ஒப்பிட்டபோது, அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை என்பதும், அன்றாடச் சிறு இன்பங்களில் குறைவாகவே மகிழ்ந்தார்கள் என்பதும் தெரியவந்தது. சிறிய ஆய்வுதான், என்றாலும், புது வண்டி மூன்றே மாதத்தில் வெறும் வண்டியாகிவிடுவதைக் கண்டவர்களுக்கு அது வியப்பளிக்காது.

அடுத்து விலையை உங்கள் உழைப்பில் கணக்கிடுங்கள். மாதச் சம்பளம் 45,000 ரூபாய் பெறுபவர் 30,000 ரூபாய்க் கைப்பேசியை "இருபது நாள் சம்பளம்" என்று நினைப்பார். வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக அவர் கையில் நிற்பது 9,000 ரூபாய் என்றால், உண்மை விலை மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு. இந்த ஒரு கணக்கை மட்டும் வீட்டில் எல்லோரும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லுங்கள்.

"வட்டியில்லாத் தவணை" என்ற சொல்லை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். நகரத்தின் ஒரு பெரிய கடையில் ஆறு தவணையில் கைப்பேசி வாங்கினேன். கிரெடிட் கார்டின் மாத அறிக்கை வந்தபோதுதான் வட்டி என்ற தலைப்பில் ஒரு தொகையும், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் இருப்பதைக் கண்டேன். நடப்பது இதுதான்: கடை வட்டிக்கு ஈடான தொகையைத் தள்ளுபடியாகக் கழிக்கிறது, வங்கி அந்த வட்டியை வழக்கம்போல் வசூலிக்கிறது. 30,000 ரூபாய்ப் பொருளுக்கு, 15 விழுக்காட்டு வட்டியில் ஆறு மாதத்துக்கு வட்டி சுமார் 1,270 ரூபாய். அதன் மீதான ஜிஎஸ்டி ஏறக்குறைய 229 ரூபாயும், செயலாக்கக் கட்டணமும் நம் தலையில் விழும். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும் என்று கேட்டால், விட்டுக்கொடுத்த தள்ளுபடியும் தெரிந்துவிடும். பூஜ்ய வட்டி என்பதே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியது. 2024 அக்டோபர் முதல், தனிநபர்களுக்கான புதிய தவணைக் கடன்களுக்கு (கிரெடிட் கார்டு பாக்கி நீங்கலாக) எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் விவர அறிக்கையை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். கையெழுத்திடும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள். தமிழில் வேண்டும் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

கிரெடிட் கார்டில் "குறைந்தபட்சத் தொகை" கட்டுவது இதைவிட மோசம். 40,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5 விழுக்காடு வட்டியும் ஜிஎஸ்டியும் 1,652 ரூபாய் ஆகும். 5 விழுக்காடான 2,000 ரூபாயைக் கட்டினால் அசலில் குறைவது 348 ரூபாய் மட்டுமே.

இணையத்தில் வாங்குபவர்கள் "இன்னும் இரண்டு மட்டுமே உள்ளன" என்ற வரியைக் கண்டால் பக்கத்தை மூடிவிட்டு மறுநாள் பார்க்கலாம். பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது உள்ளிட்ட 13 உத்திகளை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டுத் தடை செய்தது. புகாருக்கான தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது உறவினர்களின் பார்வை. பெங்களூரின் மர்ஃபி டவுனில் நான் வளர்ந்த தெருவில், ஒரு வீட்டில் புதுக் குளிர்ப்பெட்டி இறங்கினால் அந்த மாதமே இன்னும் இரண்டு வீடுகளில் இறங்கும். யாருக்கும் பழையது கெட்டிருக்காது. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற அச்சம் வலப்பக்கத்தில் இருந்தால், அந்த நாலு பேரின் பெயரையும் எழுதுங்கள். நான் எழுதியபோது இரண்டு பெயர்தான் வந்தது. அதில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தே ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தையிலும் ஆடியிலும், நோட்டைத் திறந்து வலப்பக்கத்தை மட்டும் படித்து, நிறைவேறியதா என்று குறியுங்கள். என் நோட்டில் "தினமும் அரை மணி நேரம் ஓடி உடம்பைத் தேற்றுவேன்" என்ற வரிக்கு எதிரே சுழியம் இருக்கிறது. அதற்காக வாங்கிய ஓடுபொறியின் (டிரெட்மில்) கைப்பிடியில் இப்போது ஈரத் துண்டுகள் காய்கின்றன. அதற்கு இரண்டு பக்கம் தள்ளி, துணி துவைக்கும் இயந்திரத்துக்காக என் அண்ணி தம் கையால் எழுதிய வரி: "ஞாயிற்றுக்கிழமை காலை முதுகு வலிக்காமல் எழுந்திருப்பேன்." அதன் எதிரே ஐந்து முறை தொடர்ந்து சரி என்று குறித்திருக்கிறார்.